ஒரே பிரஷ், இரண்டு மரம்

நுண்ணோக்கி ஸ்லைடுப் பெட்டியைத் திறந்தால் இன்னும் பைன் பிசின் வாசனை வருகிறது. பாதி பெயின்ட் கடை, பாதி மழை நின்ற காடு. உடனே புதூர்நாட்டு மலைச்சரிவு கண்முன் எழுகிறது.

அங்கே வனத்துறை நட்ட ஒன்பது பைன் மரங்கள். வேலிக்கு இந்தப் பக்கம் சரோஜாவின் எலுமிச்சைத் தோட்டம். காயெல்லாம் சொறி. காரணம் தட்டைச் சிலந்திப்பேன்: கடுகைவிடச் சிறியது, சிவப்பு, நகரவே யோசிக்கும். பைனிலிருந்துதான் வருகிறது, வெட்டுங்கள் என்று சரோஜா மனு கொடுத்திருந்தார். இரண்டு மரத்துப் பேனும் ஒரே இனமா என்று பூச்சி ஆய்வாளனான நான் சொல்ல வேண்டும். ஆமென்றால் ஒன்பதும் விழும்.

எலுமிச்சையில் பேன் எடுத்துவிட்டு, வெள்ளைத்தாள் விரித்துப் பைன் கிளையைத் தட்டினேன். ஒன்றும் விழவில்லை.

“இன்னா சார், இப்டி அடிக்கிறீங்க? அது உங்கள இன்னா பண்ணுச்சு?” என்று சிரித்த சரோஜா, ஊசியிலைக் கொத்தை அடியோடு பிடுங்கி உறையை உரித்துக் காட்டினார். உள்ளே சிவப்புப் புள்ளிகள், ஒட்டிப் படுத்து உறங்கிக்கொண்டு. ஈரப் பிரஷ்ஷால் தொட்டு எடுத்தேன்.

ஆய்வுக்கூடத்தில் பைன் ஸ்லைடில் தெளிவாய்ப் படிந்தது ஒரே ஒரு பேன். அதன் முதுகிலும் எலுமிச்சைப் பேனின் அதே வலைப்பின்னல். அடுத்த வாரம் போய், “ஒரே இனம்” என்றேன்.

அந்த மரங்களுக்குத் தண்ணீர் சுமந்த வனக்காவலர் ஏழுமலை சண்டை போடவில்லை. “சார், எலுமிச்சைல தொட்ட பிரஷ்தான இதுக்கும்? நடுவுல கழுவுனீங்களா?”

கழுவவில்லை.

புது பிரஷ்ஷோடு ஒன்பது மரத்திலும் எடுத்தேன். இருபது ஸ்லைடுகள். எதிலும் அந்த வலைப்பின்னல் இல்லை. நடு முதுகு வெறுமை, ஓரத்தில் மட்டும் சுருக்கம். பைனைவிட்டு இறங்காத இனம். முதல் ஸ்லைடில் இருந்தது என் பிரஷ்ஷில் சவாரி வந்த எலுமிச்சைப் பேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களே, மரத்துக்கு ஒரு பிரஷ். ஒற்றைப் பேனை நம்பித் தீர்ப்பு எழுதாதீர்கள். தவறினால், போய் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள்.

நான் போய்ச் சொன்னேன். ஏழுமலை ஒரு பைனைத் தட்டிக்கொடுத்தார். சரோஜா இடுப்பில் கைவைத்து, “அப்ப என் பேனு என்னுதுதானா!” என்றார். அடிக்க வேண்டிய மருந்தை எழுதிக் கொடுத்தேன். ஜீப் கிளம்பியபோது சரோஜா வேலியோரம் ஓடிவந்தார்.

“மருந்த நான் அடிச்சிக்கிறேன் சார். அடுத்த தபா வரசொல்ல பிரஷ் ரெண்டா எடுத்துனு வாங்க!”