காரணம் எழுத வேண்டிய கட்டம்

ஈப்போ அரசாங்க அலுவலகத்தில், கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கணினியை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். வேலை இழந்தவர்களுக்குத்தான் இந்த உதவித்தொகை, தாமாக விலகியவர்களுக்குக் கிடையாது என்று பொறுமையாகச் சொன்னாள். அக்காவின் விண்ணப்பப் பாரத்தில் 'சொந்த விருப்பத்தில் விலகினேன்' என்று இருந்தது. திருத்துவதற்கு அன்றுதான் கடைசி நாள்.

அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல. செமோர் பக்கம் கணினிக்குச் சில்லுப் பலகை செய்யும் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் என் லைனில் வேலை செய்தவள். நான் லைன் லீடர். இயந்திரங்கள் வியட்நாமுக்குப் போக, நாங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

அக்காவுக்கு மலாய் பேச்சு தண்ணீர் பட்ட பாடு. அச்சடித்த எழுத்தைப் பார்த்தால் மட்டும் காகிதத்தை என் பக்கம் தள்ளிவிடுவாள்; தனித்தனி எழுத்து தெரியும், சேர்த்துப் படிக்க வராது. பள்ளிக்கூடப் பாரம், ஆஸ்பத்திரிப் பாரம் எல்லாம் நான்தான் நிரப்புவேன். அவள் படிக்காமலே கையெழுத்துப் போடுவாள். எங்கள் லைனில் பாதிப் பேர் அப்படித்தான். எனக்கும் அதில் பெருமைதான், மறைக்க என்ன இருக்கிறது.

அந்த வரியை எழுதியதும் நான்தான். என் பாரத்திலும் அதையே எழுதியிருந்தேன்.

நான் கோலா கங்சார் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். அங்கே ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதை 'பேர் வெட்டுறது' என்போம். திருடியவன், குடித்துவிட்டு அடிதடி செய்தவன், துரையை எதிர்த்துப் பேசியவன், இவர்களுக்குத்தான் பேர் வெட்டுவார்கள். எதிர்த்துப் பேசியதற்காக அப்பாவின் பேரை வெட்டினார்கள். வீட்டைக் காலி செய்யும்வரை தண்ணீர்க் குழாயடியில் எங்களோடு யாரும் பேசவில்லை. அதனால் காரணம் எழுத வேண்டிய கட்டத்துக்கு வந்ததும் என் கை முரண்டு பிடித்தது. என்னை யாரும் துரத்தவில்லை, நானாகத்தான் வந்தேன் என்று என் திமிர் எழுதியது. அதே வேகத்தில் அக்காவையும் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் பாரத்தையும் முடித்தேன்.

எனக்கு உதவித்தொகை இல்லாவிட்டாலும் அடுப்பு எரியும். வீட்டுக்காரருக்குப் பக்கத்து ஊரான லகாட்டில் லோரி ஓட்டும் வேலை இருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரரோ பக்கவாதத்தில் படுத்து இரண்டு வருடம். அவளுடைய சம்பளம் ஒன்றுதான் அந்த வீட்டுக்கு.

அக்கா என்னைப் பார்த்தாள். "நான் எப்பம்மா சொந்தமா வேலைய விட்டு நின்னேன்னு சொன்னேன்?"

"கம்ப்யூட்டர்ல ஏதோ தப்பாயிருக்கு லா, அக்கா," என்றேன். பொய் அவ்வளவு சுலபமாக வந்தது.

ஆட்குறைப்பு செய்ததாகத் தொழிற்சாலைக் கடிதம் இருந்தால் புதுப் பாரம் கொடுக்கலாம் என்றாள் அந்தப் பெண். தபாலில் வரும் என்று தொழிற்சாலை சொன்ன கடிதம் வந்து சேரவே இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் கவுண்டர் நடுப்பகலில் தொழுகைக்கு மூடி, மூன்று மணிவாக்கில்தான் திறக்கும். ஐந்துக்கு எல்லாம் முடிந்துவிடும். தொழிற்சாலை அலுவலகத்துக்கும் அன்றுதான் கடைசி நாள்.

செமோர் போகும் வழியெல்லாம் எதிரே வந்த லோரிகளைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். வாசலில் காவலுக்கு நின்ற ஜாகா, இனி நீங்கள் இங்கே வேலையாள் இல்லை என்று எங்களைத் தடுத்தான். நான் கத்தினேன். அவன் கேட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தான். அக்கா இறங்கிப்போய் மெதுவாக ஏதோ சொன்ன பிறகுதான் திறந்தான். உள்ளே எங்கள் லைன் இருந்த இடத்தில் போல்ட்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் சீனக் கிராணியம்மா பிரிண்டரைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தைச் சுளித்தாலும் அதை வெளியே எடுத்து, மறுபடி வயரைச் சொருகி, இரண்டு பேருக்கும் கடிதம் அடித்துக் கொடுத்தாள்.

திரும்பும்போது என்னால் அடக்க முடியவில்லை. எழுதியது நான்தான் என்றேன். அப்பா, தோட்டம், குழாயடி எல்லாவற்றையும் கொட்டினேன். அக்கா கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு ஈப்போ வரும்வரை அதன் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தாள். காரை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்கப்பா பேர வெட்டுனாங்க, சரி. ஒன் மானம் ஒன்னோட. அத எதுக்கு என் பாரத்துல எழுதுன?"

காரைப் பூட்டிவிட்டு அவள் பின்னாலேயே கவுண்டருக்கு நடந்தேன்.

எங்கள் எண்ணை அழைத்தபோது நாலரை தாண்டிவிட்டது. புதுப் பாரம் வந்ததும் பழக்கத்தில் என் கை பேனாவுக்குப் போனது. அக்கா பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எழுத்த மட்டும் சொல்லு. வேற எதுவும் நீ சொல்லாத."

இயந்திரச் சத்தத்தில் அவளுக்குக் காது மந்தம். மெதுவாகச் சொன்னால் விழாது. பின்னால் வரிசையாக ஆட்கள் உட்கார்ந்திருக்க, எங்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்பதை மலாயில் ஒவ்வொரு எழுத்தாக, கூடம் முழுவதும் கேட்கும்படி நான் சொல்லச் சொல்ல, அக்கா நிதானமாக அழுத்தி எழுதினாள்.