ஒன்றரைச் சூரியனுக்குக் கொஞ்சம் குறைவாக

கோளரங்கத்தில் வேலை பார்ப்பவர்கள் அவளை இருட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டப்பகலில் கதவைச் சாத்தி, விளக்கை அணைத்து, எண்பது பேரை அண்ணாந்து பார்க்க வைப்பது அவள் உத்தியோகம். நாளைக்கு நான்கு காட்சி. பதினேழு வருடமாக அதே காட்சி. அரங்கின் பின்கோடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் கண்ணாடிக் கூண்டுதான் அவள் இடம். கூண்டின் கதவு உட்பக்கமாகத் திறக்கும். நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டால்தான் வெளியே வரலாம். மாற்றித் தரச் சொல்லி எத்தனை மனு எழுதினாள் என்று அவளுக்கே நினைவில்லை.

முதலில் மைக்கைப் பிடித்து வரவேற்பு சொல்வாள். பிறகு ஒலிப்பதிவு ஓடும். அதிலும் அவள் குரல்தான், வேலைக்குச் சேர்ந்த புதிதில் பேசியது, கேட்டால் யாரோ சந்தோஷமான பெண் என்று தோன்றும். சூரியனைப் போன்ற விண்மீன் எரிந்து முடிந்தபின் மிஞ்சுகிற வெண்குறுமீனைப் பற்றி அந்தக் குரல் சொல்லும்.

"பூமி அளவுதான் இருக்கும், ஆனால் ஒரு சூரியனின் பாரத்தைச் சுமந்துகொண்டிருக்கும். தனியாக விட்டால் யாருக்கும் தொந்தரவில்லை, கோடிக்கணக்கான வருடம் மெல்ல ஆறிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இன்னொரு விண்மீன் சுற்றி வந்து, தன் பொருளை இதன் தலையில் கொட்டிக்கொண்டே இருந்தால்? பாரம் கிட்டத்தட்ட ஒன்றரைச் சூரியனை எட்டும்போது..."

இந்த இடத்தில் அவள் மூன்றாவது பொத்தானை அழுத்த வேண்டும். சூப்பர்நோவா வெடித்துக் கூரை முழுக்க வெள்ளையாகிவிடும். குழந்தைகள் வீறிடுவார்கள்.

வீட்டில் அவளும் அப்பாவும் கீழே, தம்பி குடும்பம் மாடியில். பேருந்து மெக்கானிக்காக இருந்த அப்பா பக்கவாதம் வந்து படுத்து ஒன்பது வருடமாகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் அவள். மாடிக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தாலும் அவள்தான், தண்ணீர் மோட்டார் நின்றுபோனாலும் அவள்தான். "அதான் அக்கா இருக்காளே" என்ற ஒரே வாக்கியத்தில் அந்தக் குடும்பம் வண்டி ஓட்டியது. அவளுக்குக் கோபமே வராது என்று எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள், அதுதான் கொடுமை.

வேறொரு நகரத்தில் புதிதாகக் கோளரங்கம் திறக்கிறார்கள். அங்கே தலைமை இயக்குநராக வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. சம்மதம் கொடுத்த பதினைந்து நாளில் சேர வேண்டும், சம்மதப் படிவத்தை இன்று ஐந்து மணிக்குள் இங்குள்ள மேலாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று வாரம் அதைக் கைப்பையில் ஒளித்து வைத்திருந்தவள், இன்று காலைதான் தம்பியிடம் சொன்னாள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். என்னவோ அவனுக்கு வந்த வேலை மாதிரி!

இரண்டு மணிக் காட்சியில் ஒலிப்பதிவு ஓடும்போது போன் அதிர்ந்தது. அப்பாவுக்கு ஏதாவதோ என்று பதறி எடுத்தாள். தம்பியின் பதிலையே நினைத்துக்கொண்டிருந்ததில், வரவேற்பு முடிந்ததும் பதினேழு வருடமாகத் தவறாமல் செய்த ஒன்றை இன்று மறந்திருந்தாள். மைக்கை அணைக்கவில்லை.

"அக்கா, யோசிச்சுப் பாத்துட்டேன். சரிப்பட்டு வராது. அப்பா உன் கையால குடுத்தாத்தான் மாத்திரை முழுங்குறாரு" என்றான் தம்பி.

"பழக்கினா உன் கையாலயும் முழுங்குவாருடா."

"எனக்கெங்க நேரம்? உனக்கென்ன, புள்ளையா குட்டியா? அங்க போய் ஒத்தையா என்ன பண்ணப்போற?"

அவள் விருட்டென்று எழுந்தாள். தலை இடித்தது. வெளியே போய்ப் பேசலாமென்றால் நாற்காலி கதவை அடைத்துக்கொண்டு நின்றது.

"எனக்கென்னவா? ஒம்பது வருஷத்துல ஒரு நாள் அவரு பக்கத்துல உக்காந்திருக்கியாடா நீ? எல்லாத்தையும் என் தலையிலேயே கொட்டுறீங்களே, நானும் மனுஷிதானேன்னு ஒருத்தருக்காவது தோணுச்சா? மூச்சு முட்டுதுடா எனக்கு! என்னால முடியல! போதும்!"

மூன்றாவது பொத்தான் அழுத்தப்படாமல் கிடந்தது. "இந்த வெடிப்புக்குப் பிறகு அங்கே எதுவும் மிஞ்சாது" என்று பழைய குரல் இருட்டுக் கூரையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்போதுதான் மைக்கின் சிவப்பு விளக்கைக் கண்டாள். எண்பது தலைகளும் கூரையை விட்டுக் கூண்டைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவசரமாக மைக்கை அணைத்தாள்.

போனில் தம்பி இன்னும் இருந்தான். "சரி சரி, கத்தாத. வரும்போது மாத்திரை வாங்கிட்டு வந்துடு. இன்னியோட தீருது."

அவ்வளவுதான். அவள் வாழ்க்கையிலேயே பெரிய வெடிப்பு அவன் காதில் ஓலைப்பட்டாசு அளவுக்குக்கூட விழவில்லை.

காட்சி முடிந்ததும் மேலாளர் கூண்டருகே வந்து நின்றார். "வெடிப்பு காட்டலைன்னு ரெண்டு பேரு புகார் சொல்றாங்க" என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, "மத்தவங்கல்லாம் வெடிப்பைப் பாத்துட்டோம்னு சொல்றாங்க" என்றார்.

அவள் கைப்பையைத் திறந்து படிவத்தை எடுத்தாள். "பேனா இருக்கா சார்?"

மாலையில் மருந்துக்கடைக்காரர் அவளைப் பார்த்ததுமே டப்பாவை எடுத்தார். "வழக்கம்போல முப்பதுதானே?"

"பதினஞ்சு போதும்."

அவர் கத்தரிக்கோலால் அட்டைகளை வெட்டினார். அப்பா வாயைத் திறக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வது அவள் கண்முன்னால் வந்து நின்றது.

"மீதியை எப்ப வந்து வாங்கிக்கறீங்க?"

"தம்பி வருவான்."

"அவரை நான் பாத்ததே இல்லையேம்மா. எப்படி அடையாளம் தெரியும்?"

"மாத்திரை பேரு தெரியாம முழிச்சிட்டு ஒருத்தன் வந்து நிப்பான். அவன்தான்."