இரண்டரை மணி நேரம்

பேண்டேஜ் நூலில் வெளுப்பு மருந்தின் வாடை இருக்கும். எத்தனை முறை அலசினாலும் போகாது. இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் கம்பெனியில் வேலை பார்த்த அம்மா கொண்டுவரும் ‘கழிவு நூல்’ வீட்டில் பூக்கட்டவும் பொட்டலம் கட்டவும் ஆகும். எனக்கோ அது உலகத்தை அளக்க ஆயிற்று. அப்பா குவைத்தில் டிரைவராக இருந்ததால், பள்ளி அட்லஸில் குவைத்திலிருந்து திருவனந்தபுரம் வரை அந்த நூலைப் பிடித்து, அளவுகோலில் வைத்துப் பார்த்து, விமானம் நாலரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று அம்மாவிடம் சொல்வேன்.

“அம்புட்டுத்தானா? பொறவு ஏன் மூணு வருஷமா வரலையாம்?” என்று சிரிப்பாள்.

நான் ஏழாவது படிக்கும்போது, பங்குனி மாதத்தில், மஞ்சள் காமாலை முற்றி அவள் இறந்துபோனாள். அப்பா பக்கத்து வீட்டு போனில் அழுதார். ராத்திரி ஒரு மணிக்கு விமானம், நான் வராமல் எடுத்துவிடாதீர்கள் என்றார். சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “ஏட்டி, நீதான அட்லஸெல்லாம் பாக்குறவ. அண்ணன் எப்ப வந்து சேருவாக?” என்று கேட்டார். நூலை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னேன்: விமானம் நாலரை, செங்கோட்டை வழியாகக் கார் ஐந்து, ஆகமொத்தம் காலை பத்தரை. அந்தத் துக்கத்திலும் எல்லோரும் என் வாயைப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுத இப்போதும் கூசுகிறது.

பத்தரை ஆயிற்று, பதினொன்று ஆயிற்று, ஐஸ் கட்டிகள் கரைந்து வாசல்வரை தண்ணீர் ஓடியது. “லீவு குடுத்திருக்க மாட்டாக. ஏறியிருந்தா இந்நேரம் வந்திருப்பாகல்ல” என்று பெரியவர்கள் முடிவுகட்டி, பதினொன்றரைக்கு எடுத்துவிட்டார்கள்.

சித்தப்பா கொள்ளி வைத்துவிட்டு ஈர வேட்டியோடு திரும்பிய ஒரு மணிக்குத்தான் கார் வந்தது. கழுவிவிட்ட வாசலைப் பார்த்ததும் அப்பாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் கைக்கடிகாரம் சரியாகப் பத்தரை காட்டியது. குவைத் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி பின்னால் என்பது என் நூலுக்குத் தெரியாது.

“செத்த நேரம் பொறுக்க முடியலையாலே?”

சித்தப்பா என் விரலில் சுற்றியிருந்த நூலைப் பார்த்தார். “நாந்தேண்ணே நேரத்தத் தப்பாக் கணக்குப் போட்டுட்டேன்” என்றார்.

“இனி என் வாசல மிதிக்காத” என்றார் அப்பா. நான் வாயைத் திறக்கவில்லை.

சித்தப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோனார். டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம். அந்தத் தூரத்தை இருவரும் இருபது வருடத்துக்குமேல் கடக்கவில்லை. அட்லஸ் போன இடம் தெரியவில்லை. எந்த ஊரில் இப்போது மணி என்ன என்று கேட்டால் போனே சொல்லிவிடுகிறது.

போன மாதம் ஒரு காலையில் சித்தப்பா இறந்த செய்தி வந்தது. “மூணு மணிக்கு எடுக்காகளாம்ப்பா” என்றேன். “எடுக்கட்டும்” என்று அப்பா பேப்பரைப் புரட்டினார். சோறு வடித்தேன், துணி துவைத்தேன், மறுபடியும் வீட்டைக் கூட்டினேன். மணி மூன்றை நெருங்கும்போதுதான் எனக்கு நாக்கு வந்தது.

“அப்பா, அன்னைக்குக் கணக்குப் போட்டது சித்தப்பா இல்ல. நாந்தேன்.”

அவர் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, “அவன் ஏன்ட்டி சொல்லல?” என்று மட்டும் கேட்டார்.

பஸ் அரைமணி நேரத்தில் கொண்டுபோய் விட்டது. சித்தப்பா வீட்டு வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.