விலை சொன்ன மனிதர்

அந்த வெங்காய விவசாயிக்கு வாயில்லை என்று ஊரில் பேச்சு. வாய் நன்றாகவே இருந்தது. மனைவியிடம், மாட்டிடம், பெய்யாத மழையிடம்கூட வக்கணையாகப் பேசுவார். வியாபாரியைக் கண்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்க" என்பார். வியாபாரியும் தன் பையைப் பார்த்துத்தான் போடுவார். ஊர்க்காரர்கள் இவருக்கு 'பாத்துக்குடுங்க' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை. அறுவடை முடிந்தால் வெங்காயத்தை வைக்க இடம் ஏது? இருந்தது ஒரே அறை. கட்டிலுக்கு அடியில், அலமாரி மேல், மகள் படிக்கும் மேசைக்குக் கீழே என்று மூட்டைகளை அடுக்கிவிட்டு, குடும்பமே அந்த நெடியில் தூங்கும். காற்றில்லாமல் அடிமூட்டை அழுக ஆரம்பித்த அன்று வியாபாரியின் வண்டி வாசலில் நிற்கும். அவருக்கு மூக்கு அப்படி.

பிறகு சிறு விவசாயிகள் கூடிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தார்கள். இவரைப் பிடித்து இழுத்துப்போய்ச் சேர்த்தது மனைவிதான். சங்கம் கட்டியது ஒன்றும் மாளிகை இல்லை. நாலு பக்கமும் காற்று வரும்படி மரச்சட்டம் அடித்த கொட்டகை. அதில் வெங்காயம் மாதக்கணக்கில் கெடாமல் கிடந்தது. வீட்டில் கட்டிலுக்கு அடியில் தரை தெரிந்தபோது, மனைவி அதை ஆசை தீரக் கழுவிவிட்டாள்.

எல்லாம் சரிதான். ஆனால் சங்கத்தில் ஒரு வழக்கம். வாரம் ஒரு உறுப்பினர் கொட்டகையில் மேசை போட்டு உட்கார்ந்து, எல்லார் வெங்காயத்துக்கும் சேர்த்து விலை பேச வேண்டும். யாருக்கும் விலக்கு கிடையாது. இவர் முறை வந்த அன்று காலையில் சாப்பாடு இறங்கவில்லை. தன் வெங்காயம் போனால் போகட்டும்; இன்று வாய் தவறினால் அத்தனை குடும்பங்களின் உழைப்பும் அல்லவா போய்விடும்!

லாரியோடு வந்தவர், வேறு யார், அதே வியாபாரி. மேசையில் இவரைக் கண்டதும் முகமெல்லாம் பல்.

"அட, நீங்களா! நமக்குள்ள என்ன இருக்கு? வழக்கம்போல நானே பாத்துப் போட்டுத் தரேன்."

"சரிங்..." என்று பாதி வந்துவிட்டது. வெங்காயம் தரம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. அவர்களில் ஒருத்தியான மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இவர், சந்தை நிலவரம் விசாரித்து எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்த விலையைச் சொன்னார். குரல் கோழிக்குஞ்சு மாதிரி வந்தது, ஆனாலும் வந்தது.

"கட்டுப்படியாகாது," என்று சிரித்தார் வியாபாரி. "அழுகினப்புறம் கூப்பிடுங்க, வரேன்."

"இங்க அழுகாதுங்க. மெதுவா யோசிச்சே வாங்க."

வெளியே லாரி கிளம்பும் சத்தம் கேட்டது. இவர் பின்னாலேயே ஓடிக் கூப்பிடலாமா என்று எழுந்தேவிட்டார்.

"உக்காருங்க," என்றாள் மனைவி. உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் இன்ஜின் சத்தம் நின்றது. வியாபாரி உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், "ஏத்தச் சொல்லுங்க" என்றார்.

கொட்டகையே கலகலத்தது. யாரோ வந்து முதுகில் தட்டினார்கள். இவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. கண் நிறைந்து வழிந்தது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், போடவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "என்னங்க?"

"இவ்வளவுதானா? இந்த ஒரு வார்த்தைய சொல்லத் தெரியாம, இத்தனை வருஷமா உன்னையும் புள்ளையையும் கஷ்டப்படுத்திட்டேனே."

அவள் அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லியிருந்தாலும் லாரி நின்னிருக்காதுங்க. அப்ப நீங்க ஒத்த ஆளு."