காலடியில் கிடந்தவனின் கண்

என் வீட்டுக்காரர் மாமல்லபுரத்துப் பட்டறையில் சாமி சிலை செதுக்கியவர். கடைசியாக அவர் கைக்கு வந்ததோ சாமியே இல்லை. நான் ரூம் பெருக்கும் ரிசார்ட்டில் நீச்சல் குளத்தோரம் நிறுத்த ஒரு கல் வேண்டுமாம். எங்கோ அமெரிக்கக் காட்டுக்குள், மாயா என்றொரு பழைய ஜனம் கட்டிய நகரத்தில் நிற்கும் கல்லாம் அது. படத்தைக் கொடுத்து, அச்சு அசலாக அதே மாதிரி கேட்டார்கள். தலை நிறைய இறகு வைத்த ராஜா, அவர் காலடியில் கை கட்டப்பட்ட ஒரு கைதி.

"ராஜா பேரு, ஜெயிச்ச நாளு, எல்லாம் கல்லுலயே வெட்டி வெச்சிக்கிறானுங்க மே. அப்பால ஊரையே வுட்டுட்டுப் பூட்டானுங்க. மரம் மொளைச்சிப் போச்சி" என்று சோறு தின்றபடி சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும்.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள். மிஷின் வைத்து அறுத்த கல்தூசு நெஞ்சில் படிந்துவிட்டது, இனி வெளியே வராது, கல் பக்கமே போகக்கூடாது என்று. நான் கத்தினேன், அழுதேன்.

"இத்த முடிச்சிட்டு வுட்டுர்றேன்" என்றார். பட்டறையில் எல்லோரும் சொல்வதுதான் இது. அப்படி விட்டவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சிலைக்குக் கண்ணைக் கடைசியில் திறப்பதுதான் இவர்கள் வழக்கம். இந்த ராஜாவுக்கு அதெல்லாம் எதற்கு என்று பட்டறை முதலாளி சிரித்தார். இவர் கேட்கவில்லை. தலைக்குக் குளித்துவிட்டு, மிஷினைத் தொடாமல், சின்ன உளியால் ராஜாவின் கண்ணைத் திறந்தார். கைதியின் கண்ணை மட்டும் அப்படியே விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அவன் கண்ணத் தொறந்து இன்னாத்தப் பாக்கப் போறான்?"

அதோடு படுத்தவர்தான். படுத்தவர் என்று சொல்வதுகூடத் தப்பு. மூக்கில் ஆக்சிஜன் மிஷின் குழாயோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துதான் தூங்குகிறார். கரண்ட் போனால் எனக்கு உயிர் போய் உயிர் வரும்.

போன வாரம் குளத்தோரம் மிஷின் சத்தம். கைதிக்குக் கண் இல்லை என்று யாரோ விருந்தாளி குறை சொல்லிவிட்டாராம். பட்டறையிலிருந்து வந்த புது ஆள் கல்லை ஒட்டி முகத்தை வைத்து அறுத்துக்கொண்டிருந்தான். ஒரு டீ குடிக்கிற நேரம்தான், கண் திறந்துவிட்டது. துவைத்த துண்டுகளோடு நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

"அவன் மூக்குல துணி கட்டினு இருந்தானா மே?"

"கட்டினுதான்யா இருந்தான்" என்றேன்.

அவன் மீசையெல்லாம் வெள்ளையாகத் தூசு அப்பியிருந்ததை நான் சொல்லவில்லை.