ரிவர்ஸ் இல்லாத வண்டிகள்

1. திரும்பி வந்த வண்டி

என் பட்டறையில் சைடு வீல் போட்டு வெளியே போன வண்டி எதுவும் குறை என்று திரும்பி வந்ததில்லை. இதை டீக்கடையில், பள்ளிவாசல் வாசலில், கல்யாண வீட்டில் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான். கரீம் பாய் கைபட்ட வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம் என்று பேர். அந்தப் பேரை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் ஜெசிந்தா வந்து உடைத்தாள்.

பட்டறை ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. நான் மெக்கானிக், கூட்டாளி மணி வெல்டர். கால் வராதவர்கள் ஓட்டுவதற்காக, கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு ஃப்ரேம் அடித்து, பக்கத்துக்கு ஒரு சக்கரம் மாட்டிக் கொடுப்போம். வண்டி சாயாது, நிறுத்தும்போது காலை ஊன்ற வேண்டாம், பிரேக் இரண்டும் கையில். இப்போது இதையெல்லாம் கம்பெனியிலேயே செய்து தருகிறார்கள். எங்கள் காலத்தில் ஒவ்வொரு வண்டியும் ஆளை உட்கார வைத்து, சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி அளவெடுத்துச் செய்ததுதான். நினைத்தால் இப்போதும் கை பரபரக்கிறது.

ஜெசிந்தா முகத்துவாரக்குப்பத்துப் பெண். குழந்தையிலேயே போலியோ வந்து இரண்டு காலும் போனவள். காலில் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டம், கக்கத்தில் கட்டை. பி.காம் முடித்து ஐந்து வருஷம் அலைந்து, கடைசியில் எண்ணூர் போகும் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை கிடைத்திருந்தது. உள்ளே வரும் டிரெய்லர்களின் பேப்பரைச் சரிபார்க்கிற வேலை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு சீட்டில் இருக்க வேண்டும். ஷேர் ஆட்டோக்காரர்கள் அவளைக் கண்டால் நிறுத்த மாட்டார்கள். அவள் ஏறி உட்கார்வதற்குள் பின்னால் வருகிற ஆட்டோ நாலு பேரை அள்ளிக்கொண்டு போய்விடும் என்ற கணக்கு அவர்களுக்கு. அதனால்தான் அவளுடைய அண்ணன் ஒரு பழைய ஸ்கூட்டரை வாங்கி என்னிடம் கொண்டுவந்து விட்டான்.

வண்டியை முடித்துக் கொடுத்த அன்று அவள் சந்து முனைவரை ஓட்டினாள். முனையில் மணி நின்று, வண்டியைப் பின்னால் இழுத்துத் திருப்பிவிட்டான். சிரித்துக்கொண்டே திரும்பி வந்தாள். மணி இழுத்துவிட்டதை நானோ அவனோ ஒரு விஷயமாகவே நினைக்கவில்லை.

2. எந்தக் காலால?

ஒரு வாரம் கழித்து, ஹெட்லைட் நொறுங்கிய வண்டியோடு வந்து பட்டறை வாசலில் நிறுத்தினாள். இறங்கவில்லை.

"பாய், இந்த வண்டிய நீ ஓட்டிப் பாத்தியா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. முன்னால் ஓட்டினேன், பின்னால் எடுத்தேன், வளைத்தேன், எல்லாம் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்று கத்தினேன்.

"பின்னால எப்டி எட்த்தே?"

"சீட்டுல குந்திகினுதான் எடுத்தேன். வேற எப்டி?"

"எந்தக் காலால?"

மணி வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தான். ஸ்கூட்டருக்கு ரிவர்ஸ் கிடையாது. சீட்டில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் தரையை உந்தித்தான் எல்லோரும் பின்னால் எடுப்பார்கள். நானும் அப்படித்தான் ஒவ்வொரு வண்டியையும் டிரையல் பார்த்திருக்கிறேன். கால் வராதவர்களுக்கான வண்டியை, இத்தனை வருஷமாக, என் காலை வைத்துச் சோதித்திருக்கிறேன்.

நடந்ததை அவள் சொன்னாள். அன்று காலை யார்டு கேட்டுக்கு முன்னால் டிரெய்லர்கள் வரிசையில் நின்றிருக்கின்றன. இவள் இரண்டு டிரெய்லருக்கு நடுவில் மாட்டிக்கொண்டாள். முன்னால் நின்றவன் வண்டியை நேராக்க ரிவர்ஸ் எடுத்திருக்கிறான். ஹாரன் அடித்தும் அவன் காதில் விழவில்லை. இவளால் ஒரு அடி பின்னால் போக முடியவில்லை. ஹெட்லைட் உடைந்த பிறகுதான் செக்யூரிட்டி ஓடிவந்து வண்டியைப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டிருக்கிறார். யார்டு சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். தானாகப் பின்னால் எடுக்க முடியாத வண்டி உள்ளே வரக்கூடாது, ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்று முடித்துவிட்டாராம். கேட்டிலிருந்து ஆபிஸ் அரைக் கிலோமீட்டர். கட்டையை ஊன்றி, டிரெய்லர்களுக்கு நடுவில் அவள் நடக்க முடியாது. கெஞ்சிக் கூத்தாடியதில் அடுத்த திங்கட்கிழமை வரை அவகாசம் கொடுத்திருந்தார். அதற்குள் வண்டி பின்னால் வரவில்லை என்றால் வேலை இல்லை.

கேட்டுவிட்டும் நான் வீம்பாக, ரோட்டில் போகிறவர்களை ஒரு கை பிடிக்கச் சொன்னால் பிடிக்க மாட்டார்களா என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் மணியைப் பார்த்து, "மணிண்ணா, அந்தக் கயித்த எடு. பாயோட ரெண்டு காலையும் கட்டு" என்றாள். என் மனைவி கூடச் சொல்லத் துணியாத விஷயம் இது. மணி, துரோகி, கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தவன் மாதிரி உடனே வந்து கட்டினான்.

கட்டிய காலோடு சந்து முனைவரை ஓட்டினேன். அங்கே ஐஸ் பெட்டி இறக்குகிற மினி லாரி ஒன்று வழியை அடைத்து நின்றது. திரும்ப வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கால் தானாகத் தரையைத் தேடியது. கயிறு பிடித்துக்கொண்டது. தெரிந்தவர் ஒருவர், "இன்னா பாய், பெட்ரோல் காலியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். சிரித்து வைத்தேன். இன்னும் இரண்டு பேர் போனார்கள். ஒரு கை பிடிங்க என்று சொல்ல வாய் வரவில்லை. முப்பது வருஷம் ஆட்களை அதட்டி வேலை வாங்கிய வாய். கடைசியில் முன்பின் தெரியாத ஒருத்தனிடம் கேட்டேன். அவன் போனில் பேசிக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல், மூட்டையை நகர்த்துகிற மாதிரி ஒரு கையால் இழுத்துவிட்டுப் போய்விட்டான். இழுத்துவிட்டதே பெரிது. ஆனால் எனக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது.

பட்டறைக்கு வந்து கயிற்றை அவிழ்த்தபோது, இத்தனை வருஷத்தில் ஒருத்தர் கூட இதை என்னிடம் சொல்லவில்லையே என்று ஜெசிந்தாவிடம் கேட்டேன்.

"சொல்ல மாட்டாங்க பாய். செஞ்சு குட்த்த வண்டிய கொற சொன்னா, நீ மூஞ்ச தூக்கினு போய்டுவ. அடுத்த வாட்டி ரிப்பேருக்கு யாரான்ட போறது? நல்லா கீதுன்னு சொல்லிட்டு, போற எடத்துல தள்ள ஆளு தேடிப்போம். நானு கூட இன்னிக்கு வேல போவப் போவுதுன்னுதான் வாயத் தொறந்தேன்."

3. அண்ணாச்சி கொடுத்த மோட்டார்

ஆறு நாள் இருந்தது. ரிவர்ஸ் கியர் வைத்த கிட் வெளியூரில் கிடைக்கும் என்றார்கள், வர மூன்று வாரம் ஆகும். மணிதான் தண்டையார்ப்பேட்டை அரிசி மண்டி அண்ணாச்சியை ஞாபகப்படுத்தினான். நடக்க முடியாத அப்பாவுக்காக அவர் வெளிநாட்டிலிருந்து ஒரு எலக்ட்ரிக் சக்கர நாற்காலி தருவித்திருந்தார். கைக்குச்சியை லேசாகச் சாய்த்தால் நாற்காலி அந்தப் பக்கம் போகும். அருமையான சாமான். ஆனால் கடல் காற்றில் அதன் சர்க்யூட் போர்டு பச்சை பூத்துச் செத்துவிட்டது. இங்கே ரிப்பேர் செய்ய ஆள் கிடையாது என்று நானே கை விரித்திருந்தேன். பெரியவரும் காலமாகிவிட்டார்.

போய்க் கேட்டேன். எதற்கு என்று விவரமாகச் சொன்னேன். அப்பா உட்கார்ந்த நாற்காலி என்று அண்ணாச்சி இத்தனை நாள் யாரையும் தொட விடாமல் போர்த்தி வைத்திருந்தாராம். பிறகு அவரே உறையை உருவிவிட்டு, "எடுத்துட்டுப் போங்க பாய். சும்மா கெடந்து துருப்பிடிக்கதுக்கு அந்தப் பிள்ளைக்காவது ஆகட்டும்" என்றார்.

போர்டு செத்தாலும் மோட்டார் இரண்டும் உயிரோடு இருந்தன. சக்கரத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன லீவர் உண்டு. தள்ளினால் மோட்டார் சக்கரத்திலிருந்து விடுபட்டு, சக்கரம் தாராளமாகச் சுற்றும். எனக்கு வேண்டியது அதுதான். முன்னால் ஓடும்போது மோட்டார் விடுபட்டிருக்க வேண்டும், பின்னால் எடுக்கும்போது மட்டும் பிடிக்க வேண்டும். சைடு வீல் இரண்டிலும் மோட்டாரை ஏற்றி, லீவர்களை ஒரு கிளட்ச் கேபிளில் கட்டி ஹேண்டில் பார் பக்கம் கொண்டுவந்தோம். கைப்பிடியை இழுத்து, பட்டனை அமுக்கினால் வண்டி பின்னால் வர வேண்டும். சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி.

முதல் டிரையல் சனிக்கிழமை. சொல்லாமலே மணி கயிற்றோடு வந்து என் காலைக் கட்டினான். பட்டனை அமுக்கினேன். ஒரு சக்கரம் பின்னால் போகப் பார்க்கிறது, இன்னொன்று முன்னால் போகிறது. வண்டி நின்ற இடத்திலேயே வட்டம் போட்டு, என்னைக் கொண்டுபோய் வெல்டிங் மெஷினில் மோதப் பார்த்தது. காலை ஊன்ற முடியாததால் நான் போட்ட கூச்சல் சந்து முழுக்கக் கேட்டிருக்கும். இடது மோட்டாரும் வலது மோட்டாரும் ஒன்றையொன்று பார்த்த மாதிரி உட்காரும் என்பதை மறந்து, இரண்டுக்கும் ஒரே மாதிரி வயர் கொடுத்திருந்தேன். இந்த வேலைக்கு வருகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், ஒரு பக்கத்துக்கு ப்ளஸ் மைனஸ் மாற்ற வேண்டும். மணி தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்படி ஒரு சிரிப்பை அவனிடம் அதற்குப் பிறகு கேட்டதில்லை. இப்போது அவன் மூலக்கொத்தளம் இடுகாட்டில் படுத்திருக்கிறான். அந்தச் சிரிப்பைக் கேட்க எனக்கு ரொம்ப ஆசையாக இருக்கிறது.

4. திங்கட்கிழமை

ஞாயிறு முழுக்க ஜெசிந்தா சந்தில் பின்னாலேயே ஓட்டிப் பழகினாள். திங்கட்கிழமை ஏழரைக்கு யார்டு கேட்டில் நானும் போய் நின்றேன். வேலை அவளுடையது, பயம் என்னுடையதாக இருந்தது.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை, கறாரான ஆள். வரிசையில் நின்ற இரண்டு டிரெய்லரைக் காட்டி, நடுவில் போய்விட்டு யார் உதவியும் இல்லாமல் வெளியே வரச் சொன்னார். ஜெசிந்தா உள்ளே போனாள். பின்னால் நின்ற டிரெய்லர் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்தார். செக்யூரிட்டி பழக்க தோஷத்தில் இழுக்க ஓடினார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். மோட்டார் உய்யென்று முனகியது. வண்டி மெதுவாகப் பின்னால் வந்து, வளைந்து, டிரெய்லரைத் தொடாமல் வெளியே வந்து நின்றது.

சூப்பர்வைசர் பாராட்டவெல்லாம் இல்லை. வாட்ச்சைப் பார்த்தார். "உள்ள போம்மா, டைம் ஆவுது" என்றார்.

அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போனாள். டிரெய்லர் புழுதியில் நின்றுகொண்டு நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம். மூன்று மாதம் முடிந்ததும் அவள் வேலை நிரந்தரமானது. இன்றைக்கு அதே யார்டில் அவளுக்குக் கீழே நாலு பேர் வேலை பார்க்கிறார்கள்.

5. போகாத இடம்

ஜெசிந்தா சொன்னது என்னை விடவில்லை. என்னிடம் வண்டி எடுத்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போனேன். முதலில் போனது மூலக்கொத்தளத்தில் டைலர் கடை வைத்திருக்கும் செல்வத்திடம். அவருக்கு வண்டி செய்து கொடுத்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

என்னைப் பார்த்ததும் டீ சொன்னார். வண்டி அற்புதமாக ஓடுகிறது, உங்கள் புண்ணியம் என்றார். பின்னால் எடுப்பதில் கஷ்டம் இருக்கிறதா என்று கேட்டேன். அப்படி ஒன்றும் இல்லை, தான் போகிற இடமெல்லாம் சுற்றிக்கொண்டு வரலாம், திருப்பவே வேண்டியதில்லை என்றார். எழுந்து வந்திருப்பேன். ஏனோ, போகாத இடம் ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

அவர் மெஷினில் இருந்த துணியை எடுத்து, மடித்து, மறுபடி பிரித்தார்.

"பொண்ணு ஸ்கூலுதான் பாய். முட்டுச் சந்து, கடேசில கேட்டு. போய்ட்டா திரும்ப முடியாது. அது தோஸ்துங்க எதுர, அப்பன யாருனா புட்ச்சு இழுத்துகினு இருந்தா அதுக்கு ஒரு மாரி இருக்கும்ல. அதான் ஒரு நாளும் போவல."

"எத்தினாவது படிக்குது?"

"ப்ளஸ் டூ. இன்னும் ரெண்டு மாசம் கீது."

அந்த வாரமே வேறு மோட்டார் வாங்கி ரிவர்ஸ் போட்டுக் கொடுத்தேன். மகளை அவர் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டது அந்த இரண்டு மாதம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து கொண்டுபோய் விட்டிருக்கலாம். என் காலைக் கட்டிக்கொண்டு ஒரே ஒரு தடவை டிரையல் பார்த்திருந்தால் போதும்.

இப்போது முழங்கால் ஒத்துழைக்காததால் பட்டறையை விட்டுவிட்டேன். போனில் பார்க்கிறேன், உலகம் முழுக்க என்னென்னவோ செய்கிறார்கள். படி ஏறுகிற நாற்காலி, கண் அசைத்தால் ஓடுகிற நாற்காலி. பார்க்க சந்தோஷமாக இருக்கிறது. செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது ஒன்றுதான். உங்கள் வண்டியை வாங்க வருகிறவரிடம், எங்கெல்லாம் போவீர்கள் என்று கேட்காதீர்கள். எங்கே போவதில்லை என்று கேளுங்கள். உடனே சொல்ல மாட்டார்கள். ஒரு டீ சொல்லிவிட்டுப் பொறுமையாக உட்காருங்கள்.