தேத்தண்ணி ஊரின் பாலத்து அந்தோனியார்

சுற்றுலா வழிகாட்டிக்கு இரண்டே வேலைகள்: ஆட்களை எண்ணுவது, ஊரைப் பற்றிச் சொல்வது. எண்ணுவதில் எனக்கு இதுவரை பிழை வந்ததில்லை.

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அந்தச் செக் நாட்டுச் சிற்றூரைப் பற்றி நான் சொன்ன எதுவும் நானாகக் கண்டறிந்தது அல்ல. பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் பயண நிலையம். எனக்கு முன் அங்கே வேலை பார்த்த அண்ணை ஒரு குறிப்புக் கொப்பியை விட்டுவிட்டுப் போயிருந்தார். யாரோ அவருக்குச் சொன்னதை அவர் எழுதிவைத்தார். அதை நான் மனப்பாடம் செய்தேன். எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். வரலாறு படித்துவிட்டு ஒரு வருடம் வேலை தேடியவள். தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. அதனால் கொப்பியில் உள்ளதை ஒரு சொல் மாறாமல் ஒப்புவித்தேன். கவுண்டரிலோ தொலைபேசியிலோ, தமக்கு முன் வேலை பார்த்தவர் சொல்லிவிட்டுப் போனதையே திருப்பிச் சொல்லிப் பிழைக்கிறவர்களுக்கு என் நிலை புரியும்.

ஊரின் பெயர்

பாரிசிலிருந்து பிராகுக்குப் போகும் எங்கள் பேருந்து, எல்லை தாண்டியதும் அந்த ஊரில் இரண்டு மணித்தியாலம் நிற்கும். ஊரின் பெயரில் உயிரெழுத்துக்குப் பெரிய பஞ்சம். சதுக்கத்தில் இறங்கித் தேநீர் பிளாஸ்க்கைத் திறப்பது வழக்கமாகிவிட்டதால், எங்கள் ஆட்கள் அதைத் தேத்தண்ணி ஊர் என்பார்கள்.

அந்தப் பயணத்தில் நான் பேருந்து மைக்கில் சரியான பெயரை நான்கு முறை சொல்லிக்கொடுத்தேன். ஒரு காலத்தில் மண்ணுக்கு அடியில் வெள்ளி எடுத்த ஊர், அந்த வெள்ளியால்தான் சதுக்கமும் தேவாலயமும் எழுந்தன என்றேன். முதல் இருக்கையில் றோஸ்மேரி அன்ரி இருந்தார். மன்னார்க்காரி, பாரிசுக்குப் பக்கத்தில் திரான்சியில் குடியிருக்கிறார். மகனுடைய அகதி வழக்கு ஒருமுறை நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீட்டின் முடிவுக்காகக் காத்திருந்த வாரம் அது. வதிவிடக் காகிதம் இல்லாததால் மகன் பயணத்துக்கு வரவில்லை. வீட்டில் இருந்தால் விசர் பிடிக்கும் என்று அவருடைய தங்கச்சிதான் அன்ரியைப் பேருந்தில் ஏற்றிவிட்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் அவர் கேட்டார்: "பேர் கிடக்கட்டும் பிள்ளை. லோயர் கோல் எடுத்தா அந்த ஊரிலை ரெலிபோன் வேலை செய்யுமோ?"

தட்டைச் சுவர்

நகர மண்டபத்தின் முன்சுவரில் செதுக்கிய கற்கள் வெளியே துருத்திக்கொண்டு நிற்பதுபோலத் தெரியும். கிட்டப் போய்த் தடவினால் சுவர் தட்டை. கறுத்தச் சாந்தின் மேல் வெள்ளைச் சாந்து பூசி, அது காயுமுன் கீறி எடுத்த சித்திரம். பாரிசின் புறநகர் ஓல்னே-சூ-புவாவில் வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கும் சிவா அண்ணை சுவரை விட்டு வரவே மாட்டேன் என்றார். மற்றவர்கள் தேத்தண்ணியை முடித்துவிட்டார்கள்; அவர் இன்னும் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காய முந்திச் செய்யவேணும் எண்டு அவசரப்பட்டுக் கீறினது இவ்வளவு காலம் நிக்குது. நான் ஆறுதலா நேரமெடுத்து அடிச்சது ஆறு மாதத்திலை உரியுது" என்றார். அவருடைய மனைவி பிஸ்கட் பெட்டியை மூடியபடி சொன்னார்: "இன்னும் சத்தமாச் சொல்லுங்கோ. நீங்கள் அடிச்சுக் குடுத்த வீட்டுக்காரர் பின்னாலை நிக்கினம்."

சாவி

கொப்பியில் ஒரே வரியில் இருந்த விஷயம் இது. இந்த ஊரில் முன்பு பெரும்பாலும் ஜெர்மன் பேசுகிறவர்கள் இருந்தார்கள், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அவர்களை வெளியேற்றினார்கள். அதையும் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

போரில் மயிலிட்டி வீட்டை விட்டு இடம்பெயர்ந்த துரை அண்ணை கை தூக்கினார். எவ்வளவு சாமான் கொண்டுபோக விட்டார்கள் என்று கேட்டார். கையில் தூக்கக்கூடியதை மட்டும் என்றேன். அதுவும் கொப்பியில் இருந்ததுதான். சதுக்கத்தைச் சுற்றியிருந்த வீடுகளின் கதவுகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். யாரும் படம் எடுக்கவில்லை. பிறகு கேட்டார்: "வீட்டைப் பூட்டிச் சாவியைக் கொண்டு போனவையோ, இல்லாட்டித் திறந்தபடி விட்டிட்டுப் போனவையோ?"

அதற்குக் கொப்பியில் பதில் இல்லை. தெரியாது என்று மைக்கில் சொன்னேன். அன்று நான் சொன்னவற்றில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை

கொப்பியின் கடைசி வரி: "கல்லுப் பாலம். நடுவில் அந்தோனியார். ஆக்கள் படம் எடுப்பினம்." அப்படியே சொன்னேன். சிலையும் குழந்தை இயேசுவை ஏந்தும் புனித அந்தோனியாரைப் போலத்தான் இருந்தது. குருவானவரின் உடை, ஒரு கையில் எதையோ குழந்தைபோல ஏந்தியிருக்கும் சாய்வு. தலையைச் சுற்றி உலோக நட்சத்திரங்கள் இருந்தன. அவை என் கண்ணில் பட்டன. இவருக்கு எதற்கு நட்சத்திரம் என்ற கேள்வியும் வந்தது. மைக் கையில் இருந்ததால் அதைக் கேட்காமல் விட்டேன்.

அன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாருக்குரிய நாள். சைவக்கார அன்ரிமாரும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். றோஸ்மேரி அன்ரி சிலையின் காலைத் தொட்டபடி நெடுநேரம் நின்றார். திரும்பிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் தேடி வராமலே செவ்வாய்க்கிழமையாப் பாத்து அந்தோனியாருக்கு முன்னாலை கொண்டந்து விட்டிட்டாய். பொடியனுக்கு அகதிக் கார்ட் கிடைச்சா, அவனையே கூட்டிக்கொண்டு வந்து இதிலை மெழுகுதிரி கொளுத்துவன் எண்டு நேர்ந்திட்டன்."

ஐந்து நட்சத்திரம்

பாரிசுக்குத் திரும்பி, நிலையத்தின் இணையப் பக்கத்தில் போடுவதற்குப் படங்களைத் தெரிவு செய்தபோது பாலத்துச் சிலையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏந்தியிருந்தது குழந்தை இல்லை, சிலுவை. தலையில் ஐந்து நட்சத்திரம். தேடிப் பார்த்தால், அந்த நாட்டுப் பாலங்களில் அடிக்கடி நிற்கும் வேறொரு புனிதர், நெபோமுக் அருளப்பர். ஊரின் இணையப் பக்கமும் அதையே சொன்னது.

பத்து நாள் யாருக்கும் சொல்லவில்லை. பதினோராம் நாள் றோஸ்மேரி அன்ரி தொலைபேசி எடுத்தார். மேன்முறையீடு வென்றுவிட்டது. மகனுக்குக் காகிதமெல்லாம் கைக்கு வந்ததும் முதல் பயணத்தில் இரண்டு இருக்கை வேண்டும், பதிய நேரில் வருகிறேன் என்றார். நான் முதலாளி அண்ணையிடம் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். என்னை நிரந்தரமாக்கும் கடிதம் அவர் மேசையில்தான், கையெழுத்துப் போடாமல் கிடந்தது. அவர் படத்தை ஒருதரம் பார்த்தார், என்னை ஒருதரம் பார்த்தார். "மனிசி சந்தோசமா வருது. நீர் ஏன் பிள்ளை இப்ப சிலையை மாத்துறீர்?"

இரண்டு மெழுகுதிரி

சனிக்கிழமை அன்ரி கேக் பெட்டியோடு படியேறி வந்தார். மூச்சு வாங்கி உட்காருமுன்னரே சொல்லிவிட்டேன். உட்கார்ந்த பிறகு சொல்ல எனக்குத் துணிவு வந்திருக்காது. அது அந்தோனியார் இல்லை, நான் சரிபார்க்காமல் சொன்னேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். முதலாளி அண்ணை கணினித் திரைக்குப் பின்னால் மறைந்துகொண்டார்.

அன்ரியின் முகம் சுருங்கியது. "அப்ப நான் ஆரிட்டைக் கேட்டனான்?" என்றார். பெயரைச் சொன்னேன். படத்தை வாங்கி நட்சத்திரங்களை விரலால் எண்ணினார். "இவரை எனக்குத் தெரியாதே. இவருக்கும் என்னைத் தெரியாது. தெரியாத ஆளிட்டைப் போய்ப் பிள்ளையின்ரை கதை முழுக்கச் சொல்லிப்போட்டன்" என்றார். அவருக்காக விரித்து வைத்திருந்த பதிவுப் புத்தகத்தை மூடப் போனேன். அவர் அதன்மேல் கையை வைத்தார்.

"மூடாதை. ரெண்டு சீற் எழுது. அந்தோனியாருக்கு நான் இஞ்சை ஒண்டு கொளுத்திறன், இவருக்கு அங்கை வந்து ஒண்டு கொளுத்திறன். ஆர் செய்து தந்தது எண்டு அவை ரெண்டு பேரும் பேசித் தீர்க்கட்டும்."

பிறகு நூலகத்தில் அந்தப் புனிதரைப் பற்றிச் சரிபார்த்தேன்: பாவமன்னிப்பு ஒப்புரவில் குருவானவராகக் கேட்ட இரகசியத்தை அரசனுக்கே சொல்ல மறுத்ததற்காகப் பிராகில் பாலத்திலிருந்து ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர் என்று மரபு சொல்கிறது. கேட்டதைச் சொல்ல மறுத்த அவருடைய காலடியில் நின்றுதான், கேட்டதையெல்லாம் மைக்கில் சொல்லி நான் இப்போது நிரந்தரச் சம்பளம் வாங்குகிறேன்.